தட்டு போகும் திசை

"தட்டை யார் தூக்கிட்டு வர்றாங்கன்னு மட்டும் சொல்லு தம்பி, மத்ததை நான் பாத்துக்கறேன்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, அத்தை. எத்தனை தடவை சொல்றது? அவங்க மூங்கில் வேலிப் பக்கத்துலேர்ந்து வரிசையா வருவாங்க. நீங்க வாசல்ல நின்னு சிரிச்ச முகமா வாங்கிப்பீங்க."

"சிரிச்ச முகமாவா? எங்க ஊர்ல இதைப் பாத்துட்டு எருமை மாடுகூடச் சிரிக்குது. நான் வேற சிரிக்கணுமாக்கும்."

மியென் வாணலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாவையும் முட்டையையும் பிசைந்து, இஞ்சிக் கிழங்கு மாதிரி விரல் விரலாகக் கிள்ளிப் பொரிக்கும் பலகாரம் அது. கொஞ்சம் அசந்தால் விரல்கள் கருகிவிடும். முதுகுக்குப் பின்னால் நடக்கும் சண்டையோ அவளுக்கு மனப்பாடம். சனிக்கிழமை தவறாமல் அவளுடைய சித்தி தெம்முக்கும், நிகழ்ச்சிகளை நடத்தும் ஹியெப்புக்கும் இது உண்டு.

ஹனோய்க்கு வெளியே ஏரிக்கரையில் இருக்கிறது அந்தப் பூங்கா. நாட்டில் எத்தனை இனத்தார் உண்டோ அத்தனை பேருக்கும் அதில் ஒரு குட்டி ஊர். பேருந்தில் முதுகு கழன்றுபோகும் தூரத்தை அங்கே டீ ஆறுவதற்குள் நடந்து கடந்துவிடலாம். மலைக்காரர்களின் நீள வீட்டைத் தாண்டினால் மியெனின் இனத்தாரான சாம் மக்களின் செங்கல் கோபுரம். தெற்கே அவர்கள் ஊரான ஃபான் ராங்கில் குன்றின் மேல் நிற்கிற போ க்லோங் கராய் சிவன் கோயிலைப் பாதிக்கும் கீழாகக் குறுக்கிக் கட்டியது. குனியாமல் நுழைந்தால் நெற்றி இடிக்கும். கோபுரத்தைக் குறுக்கிக் கொண்டுவந்தவர்கள் வெயிலையும் ஒரு கைப்பிடி கொண்டுவந்திருக்கலாம் என்று மியென் அடிக்கடி நினைப்பாள். பிறந்ததிலிருந்து குளிர் என்றால் என்னவென்று தெரியாதவள், இப்போது இரண்டு கம்பளிச் சட்டைக்கு மேல் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வாரம் ஒரு முறை மேடையில் மணப்பெண்ணாகிறாள்.

மாப்பிள்ளை தோவாய். ஊரிலிருந்து முறை வைத்து வந்த குழுவில் சரனாய் என்கிற நாயனம் ஊதுகிறவன். கல்யாணமாகாத ஆண் அவன் ஒருவன்தான் என்பதால் வேஷம் அவன் தலையில் விழுந்தது.

வேஷத்தில்தான் சண்டையே. சாம் குடும்பங்களில் பெண் வீட்டார்தான் தட்டு எடுத்துக்கொண்டு போய் மாப்பிள்ளை கேட்பார்கள். பையன் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு மனைவி வீட்டுக்கு வருவான். ஹியெப் வடக்கத்திப் பையன், அவன் வீட்டு வழக்கம் நேர் எதிர். நல்லவன்தான். இவர்கள் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து கோழி நூடுல்ஸ் தவிர வேறெதையும் அவர்கள் பக்கம் வரவிடாதவன். ஆனாலும், "பாக்கறவங்க குழம்பிடுவாங்க அத்தை" என்று சொல்லித் தட்டின் திசையை மாற்றிவிட்டான். மாற்றியதோடு நில்லாமல் படம் பிடித்து இணையத்தில் போட்டும் விட்டான். அது ஃபான் ராங் சந்தையில் ஒவ்வொரு கைபேசியிலும் ஓடிக்கொண்டிருந்தது.

சித்திக்கு மானக்கேடாகப் பட்டது மியெனுக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தோவாய் தன் ஆட்களோடு வேலிப் பக்கத்திலிருந்து நடந்து வருவான். அவளைக் கேட்பான். அவள் தலையைக் குனிந்தால் போதும். கேட்கப்படுவது எவ்வளவு சுலபம்! கேட்பதுதான் அவளால் ஆகாத காரியம். கேட்க வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்து வெகு நாளாகியும் சித்தியிடம்கூட வாய் திறக்கவில்லை. இன்று கடைசி நிகழ்ச்சி. நாளை எல்லோரும் ஊருக்குப் பேருந்து ஏறுகிறார்கள்.

"அத்தை, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..." என்று ஹியெப் இழுத்தான்.

"இன்னிக்குத்தான் எங்க ஊர் ஆளுங்க ஒரு வண்டி நிறைய வர்றாங்க. தோவாயோட அம்மாவும் வர்றா. அவ முன்னாடி இந்தக் கூத்தை நடத்தினா மைக்கைப் பிடுங்கி உன்னையே கட்டி வெச்சிடுவா."

ஹியெப் தலையைச் சொறிந்தான். "சரி. உங்க முறைப்படியே பண்ணுங்க. நீங்களே தட்டைத் தூக்குங்க. ஆனா நடு மேடையிலதான் நிக்கணும், கேமரா அங்கதான்."

சித்தி வெற்றியைக் கொண்டாட ஒரு பலகாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

மியென் அடுத்த ஈடைப் பொரித்து எடுத்ததும் ஒரு தட்டில் வைத்துத் தோவாயிடம் கொண்டுபோனாள். அவன் கோபுரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து கன்னம் இரண்டும் உப்ப ஊதிப் பழகிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. மூச்சு முழுக்க ஊதி முடித்துவிட்டுத்தான் கையை நீட்டினான்.

"தட்டு ரொம்ப சீக்கிரம் வந்துடுச்சே. நிகழ்ச்சி மத்தியானம்தானே?"

"திசை மாறியாச்சு. இன்னிக்கு நாங்க வந்து கேக்கறோம்."

"அப்பாடா. என் கால் வலி தீர்ந்துது." பலகாரத்தில் ஒரு விரலை ஒடித்து வாயில் போட்டான். "விவரமாச் சொல்லிடு. கூட்டிட்டுப் போய் என்னை என்ன பண்ணுவீங்க?"

"உழைக்க வைப்போம். ஆட்டுக்கொட்டில் இருக்கு, திராட்சைத் தோட்டம் இருக்கு. உயிரோட இருக்கற வரைக்கும் நீ எங்க வீட்டு ஆள். செத்தப்புறம் எலும்பை மட்டும் உங்க அம்மா வீட்டுக்குத் திருப்பி அனுப்பிடுவோம்."

"எல்லா எலும்பையுமா?"

"நெத்தி எலும்பை மட்டும். வழக்கம் அதுதானே."

அவன் சிரித்தான். சிரிப்பு முடிந்தபோது முகத்தில் வேறு எதுவோ இருந்தது. "புதன்கிழமை எங்க வீட்டுக்கு ஆள் வர்றாங்க மியென். பக்கத்துக் கிராமம். நல்ல குடும்பமாம். அம்மாவுக்குச் சம்மதம்தான்னு நினைக்கறேன்."

தட்டு அவள் கையில் சற்றுச் சாய்ந்தது. "உனக்கு?"

"நான் என்னத்தைச் சொல்ல? யாரு கேக்கறாங்களோ அவங்களுக்குத்தானே பதில் சொல்ல முடியும்? கேக்காதவங்களுக்கு எப்படிச் சொல்றது?" என்று சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காமல் சரனாயை வாயில் வைத்துக்கொண்டான்.

அவள் திரும்பி ஓடாத குறையாக நடந்தாள். சித்தி அடுப்பங்கரையில் பட்டுப்பாவாடையை உதறிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, இன்னிக்கு நிஜமாவே கேளு."

"எதை?"

"தோவாயை. எனக்கு."

சித்தி பாவாடையைக் கீழே வைத்தாள். முதலில் சிரித்தாள். பிறகு மியெனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினாள். "மூணு மாசமா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே? ஊருக்குப் போனதும் கேப்போம். மாமா, பெரியம்மா எல்லாரோடயும் முறையாப் போயி..."

"புதன்கிழமை வேற ஆள் கேக்கப் போறாங்க. நாம ஊர் போய்ச் சேரவே செவ்வாய் ஆயிடும்."

"அதுக்காக இங்கயா? இது பொம்மைக் கோபுரம்டி. உள்ள சிமெண்டுதான் இருக்கு, சாமி இல்ல. வேஷம் கட்டிக்கிட்டு, மைக் வெச்சு, டிக்கெட் வாங்கின ஜனங்க முன்னாடி கேட்டா, கேட்டது எப்படிக் கேட்டதாகும்? அந்தம்மா கையைத் தட்டிட்டு எழுந்து போயிடுவா."

சித்தி சொன்னது பொய்யில்லை. அந்தக் கோபுரத்துக்குள் குடைகளையும் துடைப்பத்தையும் வைப்பவர்கள் அவர்களே.

முற்பகலில் தெற்கத்தி வண்டி வந்தது. தோவாயின் அம்மா கம்பளிக் குல்லாய்க்குள் முகம் சிறுத்து, கையில் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தோடு இறங்கினாள். இறங்கியதும் முதல் வேலையாகச் சித்தியைத் தேடிப் பிடித்தாள்.

"என்ன தெம், என் பையன் கையில தட்டைக் குடுத்து வீடு வீடா அனுப்பறியாமே? சந்தையில மீன்காரி கேக்கறா, 'உங்க மகனை யாரும் வந்து கேக்கலையா, நீங்களே தூக்கிட்டுப் போய் வெக்கறீங்களே'ன்னு."

"நான் என்னக்கா பண்ண? இந்த வடக்கத்திப் பையன் தலைகீழா எழுதி வெச்சிருக்கான்."

"எழுதினவன் வாலிபப் பையன். நடிச்சது நீ." என்று சொல்லி ஒரு விதையைக் கடித்துத் தோலைத் துப்பினாள். பிறகு மியெனை ஏற இறங்கப் பார்த்தாள். "பொண்ணு இளைச்சுட்டா. இங்க சோறு போடறதில்லையா?"

மியென் ஏதோ முணுமுணுத்துவிட்டு நழுவினாள். அந்த அம்மாளின் பார்வையில் அவள் ஒரு நடிகை, அவ்வளவுதான். மலைக்காரர் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். சித்தியும் பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தட்டினாள்.

அப்போதுதான் அந்த இந்தியக் குடும்பம் வந்தது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் அங்கே அபூர்வம். கணவர், மனைவி, காதில் பாட்டுக் கேட்டபடி ஒரு பெண். மனைவி பெரிய குளிர்கோட்டுக்குக் கீழே புடவை கட்டியிருந்தாள். எல்லோரையும் போலப் படம் எடுத்துக்கொண்டே வந்தவள், கோபுர வாசலுக்கு வந்ததும் நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். முகம் செதுக்கிய சிமெண்டு லிங்கத்தைப் பார்த்தாள். கைபேசியைப் பைக்குள் போட்டாள். பிறகு ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினாள். காலுறையையும் கழற்றிச் செருப்புக்குள் திணித்தாள்.

அந்த மழைநீர் தேங்கிய சிமெண்டுத் தரையின் குளிர் மியெனின் உள்ளங்காலுக்குத் தெரிந்தது போலிருந்தது.

"ஐயோ, அங்க எல்லாரும் செருப்போடதான் போவாங்கன்னு சொல்லு போ" என்றாள் சித்தி. ஆனால் இருவரும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண்மணி குனிந்து உள்ளே போனாள். துடைப்பத்தை மெல்ல ஓரமாக நகர்த்தி வைத்தாள். கைகூப்பிக் கண்ணை மூடி நின்றாள். என்ன கேட்டாளோ, வெகு நேரம் கேட்டாள். வெளியே வந்தபோது கால் விரல்கள் சிவந்திருந்தன. இவர்களைப் பார்த்து, பழகியவர்களைப் பார்ப்பது போலச் சிரித்துவிட்டு, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு காலுறையை மாட்டிக்கொண்டாள்.

"துடைப்பத்தை யாருடி அங்க வெச்சது?" என்று கேட்டாள் சித்தி.

"நீதான் சித்தி."

சித்தி எழுந்து போய், துடைப்பத்தையும் குடைகளையும் வாரிக்கொண்டு வந்து அடுப்பங்கரையில் போட்டாள். அதற்குப் பிறகு நிகழ்ச்சி தொடங்கும்வரை அவள் பேசியதெல்லாம் உப்பு, எண்ணெய் பற்றித்தான்.

மத்தியானம் தூறல் நின்றது. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. மத்தளங்கள் முழங்கின. தோவாய் இன்று மாப்பிள்ளை இடத்தில், மேடையின் வலப்புறம், வெள்ளை அங்கியோடு உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா வேஷத்தில் மத்தளக்காரரின் மனைவி. நிஜ அம்மா இரண்டாம் வரிசையில் விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"இன்று ஒரு சிறப்பு!" என்று ஹியெப் மைக்கில் முழங்கினான். "சாம் மக்களின் உண்மையான வழக்கப்படி, பெண் வீட்டார் மாப்பிள்ளை கேட்கச் செல்கிறார்கள்!"

கூட்டத்தில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள். சில ஆண்கள் தங்கள் மனைவிமாரைப் பார்த்துக்கொண்டார்கள்.

இஞ்சிப் பலகாரமும் வெற்றிலையும் வைத்த தட்டைச் சித்தி தலைக்கு மேல் தூக்கினாள். பிறகு எதையோ மறந்தவள் போலத் தட்டை இறக்கி மியெனிடம் கொடுத்தாள். குனிந்து, தன் செருப்பைக் கழற்றினாள்.

மியென் சித்தியின் வெறும் பாதங்களைப் பார்த்தாள். தட்டைச் சித்தியிடமே திருப்பிக் கொடுத்தாள். அவளும் கழற்றினாள். தரை பனிக்கட்டியாக இருந்தது.

நடந்தார்கள். நடு மேடையைத் தாண்டினார்கள். "அத்தை, நில்லுங்க, கேமரா!" என்று ஹியெப் மைக்கை மூடிக்கொண்டு கிசுகிசுத்தது கூட்டம் முழுக்கக் கேட்டது. மத்தளக்காரரின் மனைவி தட்டை வாங்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை அந்தரத்தில் நிற்க, சித்தி அவளைக் கடந்து மேடையை விட்டு இறங்கினாள், பின்னாலேயே மியெனும். முதல் வரிசைக்காரர்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். இது நிகழ்ச்சியின் புதுமை என்று நினைத்து ஹியெப் உற்சாகமாக, "பார்வையாளர்களுக்கும் பங்கு உண்டு!" என்றான். மேடையில் சரனாய் இல்லாமல் உட்கார்ந்திருந்த தோவாய் எழுந்து நின்றுவிட்டான்.

சித்தி தோவாயின் அம்மாவுக்கு முன்னால் ஈரத் தரையில் மண்டியிட்டுத் தட்டை வைத்தாள்.

"அக்கா..."

அந்த அம்மாள் தட்டைப் பார்த்தாள். நீலம் பாய்ந்த நான்கு பாதங்களைப் பார்த்தாள். மேடையில் நிற்கும் மகனைப் பார்த்தாள். விதைப் பொட்டலத்தின் வாயைச் சுருட்டி மடியில் வைத்தாள்.

"இது இன்னும் ஆட்டம்தானா தெம்?"

சித்தி வாயைத் திறந்தாள். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள். "நீ மூணு மாசமாப் பேசிட்டே. அவ சொல்லட்டும்."

மத்தளங்கள் எப்போது நின்றன என்று மியெனுக்குத் தெரியவில்லை. எத்தனையோ சனிக்கிழமை தலை குனிந்தே பழகிய கழுத்து, தானாகக் குனியப் பார்த்தது. அவள் அதை நிமிர்த்தினாள்.

"ஆட்டம் இல்லம்மா" என்றாள். "பலகாரம் நானே பொரிச்சது. புதன்கிழமை வரைக்கும் காத்திருக்க என்னால ஆகல. உங்க பையனை எங்க வீட்டுக்குக் குடுங்கம்மா."