தயாளன் படத்துக்கு ஒரு வெள்ளைத் துணி

மாடம்பாக்கத்தில் ஐந்து வீடுகளை வாடகைக்கு விட்டுவிட்டு ஹாயாக உட்கார்ந்திருந்த தயாளனுக்கு அறுபத்திரண்டாவது வயதில் திபெத் ஆசை பிடித்தது. எல்லாம் யூடியூப் செய்த வேலை. இதய வால்வில் கோளாறு, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, இந்த லட்சணத்தில் பதிமூன்றாயிரம் அடி உயரத்தில் மடாலயம் பார்க்கப் போகிறாராம். டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தடுத்தார். தயாளன் அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. திபெத்துக்குத்தானே போகக்கூடாது, மைசூர் பக்கத்தில் திபெத்காரர்கள் ஊர் ஊராகக் குடியிருக்கிறார்களே, அங்கே போனால் யார் கேட்பது என்று சொல்லி, மனைவி ஜெயஸ்ரீயைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒடையர்பாளையா, ஹுன்சூர், கடைசியில் பைலகுப்பே என்று மூன்று ஊர்கள். சோளக்காட்டுக்கு நடுவே தங்கக் கூரை மின்னும். அரக்குச் சிவப்பு அங்கி போட்ட பிக்குகள் பைக்கில் பறப்பார்கள். ஜெயஸ்ரீக்கு முதலில் எதுவும் பிடிக்கவில்லை. உப்புப் போட்ட டீயை மரியாதைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தால், உடனே கோப்பையை மறுபடி நிரப்பிவிடுகிறார்கள். தயாளனுக்கோ போன இடமெல்லாம் சொந்த ஊர். ஹுன்சூரில் ஜெப உருளையைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவரோடு அரை நாள் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு அவர் பாஷை தெரியாது. இரண்டு பேரும் முட்டிவலியைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள் என்பது மட்டும் ஜெயஸ்ரீக்குப் புரிந்தது.

பைலகுப்பேயில் மடாலய வாசலுக்கு எதிரே ஒரு நூடுல்ஸ் கடை. உள்ளே நுழைந்ததும் தயாளன் தன் வழக்கமான பெரிய தொண்டையில், காரமில்லாமல் என்ன இருக்கிறது என்று ஜெயஸ்ரீயைக் கேட்கச் சொன்னார். அடுப்படியிலிருந்து ஒரு பெண் குரல், "எல்லாம் கீது சார், இன்னா வோணும்?" என்றது.

அவள்தான் டோல்மா. கடைக்காரி, நாற்பதைத் தாண்டியிருக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் தாம்பரத்தில், அந்தப் பழைய கிறிஸ்தவக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தவள். தமிழ் அவளுக்கு மெஸ் மாஸ்டரும் ஆட்டோக்காரர்களும் போட்ட பிச்சை. இவர்கள் தாம்பரம் பக்கத்துக்காரர்கள் என்று கேட்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு நாள் தங்கிப் போவதாக வந்தவர்கள் நான்கு நாள் தங்கினார்கள். டோல்மாவின் கணவர் நோர்பு வாயே திறக்க மாட்டார், ஆனால் தயாளனை தினமும் காலையில் பிரார்த்தனைக்குக் கூட்டிப்போவார். ஜெயஸ்ரீ டோல்மாவுக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். டோல்மா இவளுக்கு மோமோ மடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஊர் திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ கால். ஜெயஸ்ரீக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. சொல்லப்போனால் தயாளனைவிட அவளுக்குத்தான் டோல்மாவின் மேல் பிரியம் அதிகம்.

அடுத்த ஆடியில் வால்வை மாற்றியே தீர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாற்றாவிட்டால் ஆறு மாதம்கூட உத்தரவாதமில்லை. ஊரையெல்லாம் சிரிக்க வைக்கிற தயாளன் இதில் மட்டும் பச்சைக் கோழை. முதல் தேதிக்கு ஆடி மாசம் ஆகாது என்றார். இரண்டாம் தேதிக்கு, குடித்தனக்காரர் காலி செய்கிறார், கூட இருந்து சாவி வாங்க வேண்டும் என்றார். மூன்றாவது தேதி குறித்ததும் ஜெயஸ்ரீ டோல்மாவுக்குப் போன் செய்து அழுதாள். டோல்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அண்ணனுடைய போட்டோ ஒன்று அனுப்பச் சொன்னாள். எதற்கென்று ஜெயஸ்ரீ கேட்கவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் பட்டு வேட்டியில் எடுத்த நல்ல படமாகப் பார்த்து அனுப்பினாள்.

ஆபரேஷனுக்கு ஆறு நாள் இருந்தது. தயாளன் குளித்துக்கொண்டிருந்தார். கேஸ் சிலிண்டர் புக் செய்த மெசேஜைத் தேடி ஜெயஸ்ரீ அவர் போனை எடுத்தாள். டோல்மா ஒரு படம் அனுப்பியிருந்தாள்.

மர அலமாரியின் நடுத்தட்டில், கண்ணாடிச் சட்டம் போட்டு, பட்டு வேட்டித் தயாளன். சட்டத்தின் மேல் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி நீளமாக ஒரு வெள்ளைத் துணி. முன்னால் விளக்கு எரிகிறது. அடியில் எழுத்து எதுவும் இல்லை, கும்பிடுகிற கை பொம்மை ஒன்று மட்டும். மாடம்பாக்கம் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது காலமானார் என்றால்தான் அந்தக் கை வரிசையாக வரும்.

அந்த ஊர்க் கோயில்களில் சாமி சிலைக்கு வெள்ளைத் துணி போட்டிருந்ததை ஜெயஸ்ரீ பார்த்திருக்கிறாள்தான். ஆனால் மனுஷன் படத்துக்குப் போட்டு முன்னால் விளக்கும் ஏற்றி வைத்தால், அவள் கண்ணுக்கு அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். உயிரோடு இருக்கிறவரை உட்கார வைத்து மாலை போட்டுவிட்டாளே பாவி என்று வயிறு எரிந்தது. பக்கத்தில் நின்று ரசம் வைக்கக் கற்றுக்கொண்ட கையா இது என்று ஆத்திரம் வந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மனுஷன் இதைப் பார்த்தால் மூன்றாவது தடவையும் ஓடிவிடுவார், அதற்கப்புறம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யாராலும் முடியாது. மளமளவென்று படத்தை அழித்தாள். அவர் போனில் டோல்மாவின் நம்பரை பிளாக் செய்தாள். தன் போனிலும் செய்தாள். தட்டில் இட்லி வைத்து, சாப்பிட வாங்க என்று கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீடியோ கால் வரவில்லை. தயாளன் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பித்தோம் என்று ஜெயஸ்ரீ மூச்சு விட்டாள்.

அட்மிஷனுக்குப் போனால், சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருக்கிறது, இறங்கட்டும், பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போச்சு, இனி இந்த ஆள் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார் என்றுதான் ஜெயஸ்ரீ நினைத்தாள். ஆனால் தயாளன் தானே கவுண்டருக்குப் போய், ஒரு வாரம் கழித்து வேறு தேதி கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். சோற்றைக் குறைத்தார். வீட்டுப் பத்திரம் எந்த பீரோவில், வாடகை ஒப்பந்தம் எந்த ஃபைலில் என்று அவளை உட்கார வைத்துக் காட்டினார். ஜெயஸ்ரீக்கு உள்ளுக்குள் பெருமை. அந்தப் படத்தை மட்டும் பார்த்திருந்தால் இவ்வளவு தைரியம் வந்திருக்குமா என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள். பூஜை அறையில் விளக்கேற்றும்போது மட்டும் அந்த இன்னொரு விளக்கு ஞாபகத்துக்கு வந்து தொலைக்கும்.

புதுத் தேதிக்கு மூன்று நாள் முன்னால், காலை எட்டரை மணிக்குக் காலிங் பெல் அடித்தது. திறந்தால் டோல்மாவும் நோர்புவும் நிற்கிறார்கள். இருவருக்கும் கண் வீங்கிக் கிடக்கிறது. ஜெயஸ்ரீ வாயைத் திறப்பதற்குள் டோல்மா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். எதற்கு அழுகிறாள் என்று இவளுக்குப் பிடிபடவே இல்லை. அப்போது வாயில் பிரஷ்ஷோடும் நுரையோடும் தயாளன் லுங்கியில் வெளியே வந்து, யாரு என்று எட்டிப் பார்த்தார்.

டோல்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத நோர்பு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சத்தம் போட்டுச் சிரித்தார்.

விஷயம் இதுதான். ஆபரேஷன் நாளன்று டோல்மா முப்பது தடவை போன் போட்டிருக்கிறாள். இருவர் போனுக்கும் லைன் கிடைக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அனுப்பிய மெசேஜ் எதுவும் போய்ச் சேரவில்லை. தேதி மாறியது அவளுக்கு எப்படித் தெரியும்? ஆபரேஷன் அன்றிலிருந்து ஒரு வீடே பேச்சுமூச்சில்லாமல் இருந்தால் யாரும் என்ன நினைப்பார்கள்? கடையைப் பூட்டிவிட்டு, மைசூரில் ரயிலேறி சென்ட்ரல் வந்து, எலக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரம் இறங்கி, தயாளன் எல்லோருக்கும் கொடுக்கிற விசிட்டிங் கார்டை ஆட்டோக்காரரிடம் காட்டி வந்து சேர்ந்திருக்கிறார்கள். துக்கம் விசாரிக்க.

ஹாலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். போனுக்கு என்ன ஆச்சு என்று டோல்மா கேட்டாள். டவர் இல்லை என்று ஜெயஸ்ரீ ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த வீங்கின கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் முடியவில்லை. படத்தைப் பார்த்தது, அழித்தது, பிளாக் செய்தது எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

டோல்மாவுக்கு எதுவும் விளங்கவில்லை. "நல்லா ஆவணும்னுதானே வச்சேன் அக்கா. லாமாகிட்ட அண்ணன் பேர் சொல்லி பூஜை பண்ணோம். டெய்லி வெளக்கு ஏத்தறேன்."

ஜெயஸ்ரீ சுவரைக் காட்டினாள். மாமனாரும் மாமியாரும் சந்தன மாலையோடு, தலைக்கு மேல் ஆளுக்கொரு குட்டி பல்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்க வீடுங்கள்ல படத்துக்கு மாலை போட்டு விளக்கு வச்சா, அவங்க போய்ட்டாங்கன்னு அர்த்தம் டோல்மா."

டோல்மா அந்த இரண்டு படங்களையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது அக்கா. மூணு வருசம் இங்கதான் இருந்தேன். ஹாஸ்டல், கிளாஸ், மெஸ், அவ்ளோதான். யாரு வூட்டுக்குள்ளயும் போனதில்ல. யாரும் கூப்டல."

குறையாக அவள் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஜெயஸ்ரீக்குத்தான் சுருக்கென்றது. அந்த வருஷங்களில் தாம்பரம் மார்க்கெட்டில் இப்படிப்பட்ட பெண்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். நேபாளமா மணிப்பூரா என்று யோசித்துக்கொண்டே கத்தரிக்காய் பொறுக்கியிருக்கிறாள். கல்லூரிக்கும் இந்த வீட்டுக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது.

தயாளன் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் படத்தை நான் பாத்தேன் ஜெயா. உனக்கு முன்னாடியே."

ஜெயஸ்ரீ நிமிர்ந்தாள். விடிந்ததுமே அந்தப் படம் வந்துவிட்டதாம். பார்த்ததும் அவருக்கும் இதே அர்த்தம்தான் தோன்றியதாம். இவள் கண்ணில் படுவதற்குள் அழித்துவிட வேண்டும் என்று குளித்துக்கொண்டே நினைத்துக்கொண்டிருந்தாராம். வெளியே வந்து பார்த்தால் படம் இல்லை, தட்டில் இட்லி இருக்கிறது.

"அப்பவே ஏங்க கேக்கல?"

"கேட்டா நீ அழுவே."

"அதுக்கப்புறமும் எப்படி நீங்களே போய் டேட் வாங்கினீங்க?"

தயாளன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். "நான் ஓடிருவேன்னு பயந்துதான அதை அழிச்ச. நீ பயந்துகினே ஒண்ணும் நடக்காத மாதிரி இட்லி வச்ச. சரி, எப்படியும் போற உயிருதான்னு நெனச்சேன். போனாலும் ஓடினவன்னு உன் மனசுல நிக்கக் கூடாது. அதான்."

ஜெயஸ்ரீ அழுதாள். அத்தனை நாள் தன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டிருந்ததை நினைத்து அழுதாள். சாகப் போகிறோம் என்று நம்பிக்கொண்டே சோற்றைக் குறைத்துச் சாப்பிட்ட இந்த மனுஷனை நினைத்து அழுதாள். டோல்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு தன் பையிலிருந்து மடித்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து, கொடுக்கலாமா கூடாதா என்று கையிலேயே வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"இத வேற காரியத்துக்குத்தான் கொண்டாந்தேன் அக்கா. பொய் சொல்லக் கூடாது. எங்களுக்கு எல்லாத்துக்கும் இதே துணிதான். கொயந்த பொறந்தா, கல்யாணம் ஆனா, ஊருக்குக் கெளம்பினா, செத்தா. அண்ணன் படத்துக்குப் போட்டது நல்லபடியா போய் வர்றதுக்கு."

தயாளன் மனைவியைப் பார்த்தார். டோல்மாவும் அவளைத்தான் பார்த்தாள். ஜெயஸ்ரீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குனிங்க," என்றாள் கணவரிடம். அவர் குனிந்தார். டோல்மா அவர் கழுத்தில் துணியைப் போட்டாள். ஒரு பக்கம் நீளமாகத் தொங்கியது. ஜெயஸ்ரீ அதை இழுத்து இரண்டு பக்கமும் சரியாக்கினாள்.

பிறகு அவர்களுடைய பையைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளறைக் கட்டிலில் வைத்தாள். ஆபரேஷன் முடிந்து இவர் வீடு திரும்பும் வரை யாரும் எங்கேயும் போகக் கூடாது என்று அங்கிருந்தே சொல்லிவிட்டு, நான்கு பேருக்குச் சமைக்கப் போனாள்.