மாப்பிள்ளை தொங்கிய சுவர்

அந்த வீட்டில் மாப்பிள்ளை வைத்ததுதான் சட்டம். வீட்டின் மூத்த பெண்ணைக் கட்டியவர். வீடுகளைப் புதுப்பித்துக் கொடுக்கிற கான்ட்ராக்டர் வேறு. அவர் தும்மினால்கூட மாமியார் பூரித்துப்போவார். அப்படிப்பட்டவர் எழுப்பிய சுவர் நாறுகிறது என்று மருமகள் எந்த வாயால் சொல்வாள்?

ஆனால் நாறியது. பெயின்ட் காய்ந்த மூன்றாம் நாளிலிருந்து, படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவிலுள்ள நடையில் கால் வைத்தாலே குமட்டியது. தரையை நான்கு முறை கழுவினாள், சாக்கடை வாயைத் துணியால் அடைத்தாள். கடைசியில் சுவரிலேயே மூக்கை வைத்துப் பார்த்தாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"எலி ஏதாவது செத்திருக்கும் தங்கச்சி. ஊதுவத்தி கொளுத்தி வை, போயிடும்" என்றார் மாப்பிள்ளை.

"அத்தான் வேலையில குத்தம் சொல்லாத. அக்கா காதுல விழுந்தா அவ்வளவுதான்" என்றான் அவள் கணவன்.

நாற்றம் மட்டும் என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பாள். அந்த நடை அவளுடைய அப்பாவுக்காக. இடுப்பெலும்பு முறிந்து, ஒருவழியாக ஒட்டி, சீக்கிரமே இங்கே வருகிறார். கட்டிலிலிருந்து குளியலறை வரை பதினோரு அடி. சுவரில் பொருத்தும் கம்பியைப் பிடித்துத்தான் அவர் நடக்க வேண்டும். இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருக்கவே முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அதனால்தான் அவளே கடைக்குப் போய், சுவராக அடிக்கக் கூடுதல் வலுவுள்ள ஜிப்சம் பலகையாகப் பார்த்து ஆறு எடுத்தாள். சாதாரணப் பலகையில் ஒரு கம்பியைத் திருகினால் நாளடைவில் பிய்த்துக்கொண்டு வரும். இதில் எங்கே திருகினாலும் ஆளைத் தாங்கும் என்றார் கடைக்காரர். ஒரு முனையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். அவளால் அசைக்க முடியவில்லை. "கனம்தாம்மா அடையாளம். ரெண்டு ஆள் இல்லாம மாடி ஏத்த முடியாது" என்றார்.

வேலை நடந்த அன்று ஒல்லியான ஓர் ஆள், ஒற்றை ஆளாகப் பலகையைத் தலையில் வைத்து, விசிலடித்துக்கொண்டே மாடி ஏறினான். அவள் என்ன செய்தாள்? அம்மாடி, என்ன பலம் என்று வியந்து அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்! அன்று மாலை மாப்பிள்ளை கதவோரமாக ஒரு கொக்கியைத் திருகி, அதில் தொங்கிக் காட்டியபோதும் கைதட்டினாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற புத்தி. பிறகு ஒருநாள் பாத்திரம் தேய்க்கும்போது அந்த விசில் ஞாபகம் வந்தது. இரண்டு ஆள் தூக்க வேண்டிய பலகையல்லவா அது? தன்மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அப்பா வருவதற்கு முந்தின நாள் காலை மாப்பிள்ளை கம்பி பொருத்த வந்தார். பத்தே நிமிடத்தில் திருகி முடித்து, கையைத் தட்டிக்கொண்டார். "யானையைக் கட்டினாலும் தாங்கும்."

"யானை வேண்டாம்ண்ணா. நீங்களே தொங்கிக் காட்டுங்க. அன்னைக்குக் கதவோரமாக் காட்டுனீங்களே, அதே மாதிரி."

"இப்பவா? பெயின்ட் கெட்டுடும் தங்கச்சி."

அவர் தப்பித்திருப்பார். மாமியார்தான் விடவில்லை. "காட்டுங்க மாப்பிள்ளை! உங்க வேலை எப்படின்னு இவளுக்கும் தெரியட்டும்."

பெருமையில் மாட்டிக்கொண்டவர் பின்வாங்க முடியுமா? கம்பியை இரண்டு கையாலும் பிடித்து லேசாகக் குந்தினார். பாதம் தரையை விடவில்லை.

"காலைத் தூக்குங்கண்ணா. எங்கப்பாவுக்குக் கால் நிக்காது."

தூக்கினார். சுவர் ஒரு முனகல் முனகியது. கம்பி பிய்ந்தது, கூடவே முறம் அகலத்துக்குப் பலகையும் பிய்ந்தது. மாப்பிள்ளை தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். அவர் மடியில் சுவரின் வயிறு காலியாயிற்று: புழு நெளியும் சாப்பாட்டுப் பொட்டலங்கள், எலும்புகள், எச்சில் துப்பிய காகிதக் கப்புகள், கடைசியாக மஞ்சள் தண்ணீர் நிறைந்த ஒரு பாட்டில். அதன் மூடி சரியாக இறுகவில்லை. பத்து நாள் மூத்திரம் அவர் வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

"மாப்பிள்ளைக்கு அடிபட்டுச்சா?" என்று மாமியார் அலறினார். கணவன் துண்டை எடுக்க ஓடினான். அப்பா இங்கே விழுந்திருந்தால் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் புழுக்களைவிட அதுதான் அவளுக்கு அதிகமாகக் குமட்டியது.

உடைந்த துண்டை எடுத்து விரலால் நசுக்கினாள். சாக்பீஸ் போல உதிர்ந்தது.

"ஆறு பலகை வாங்குனேன். கதவோரத்துல ஒரு துண்டு இருக்கு, அதுலதான் அன்னைக்குத் தொங்குனீங்க. மீதி எங்கண்ணா?"

மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். மாமியார் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். போன வாரம் மூத்த பெண் வீட்டுக்குப் போய்வந்து, புதுச் சுவரில் கதவளவு டிவி எப்படி நிற்கிறது தெரியுமா என்று பக்கத்து வீடு வரை அளந்தவர் அவர்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அவள் நாத்தனாருக்குப் போன் போட்டாள். "அண்ணி, டிவியைக் கழட்டி வைங்க. அந்தச் சுவர் என்னோடது. ஆள் அனுப்பிப் பிரிச்சு எடுத்துக்கறேன்."

"நீ என்ன பண்றேன்னு தெரியுதா? சொந்தக்காரங்க கேட்டா நான் என்ன சொல்றது?" என்றான் கணவன்.

"இந்தச் சுவத்துக்குள்ள என்ன இருந்துச்சோ, அதைச் சொல்லுங்க."

துடைப்பத்தைக் கொண்டுவந்து மாப்பிள்ளை பக்கத்தில் போட்டாள். "நீங்க வச்சது. நீங்களே அள்ளுங்கண்ணா."

பிறகு மாடிப்படியில் போய் உட்கார்ந்து அடுத்த போனைப் போட்டாள்.

"அப்பா, நாளைக்கு வேண்டாம். நாலு நாள் கழிச்சு வாங்க."

"ஏம்மா, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"அதெல்லாம் இல்லப்பா. சுவர் இன்னும் வந்து சேரல."