தவளை விற்பனைக்கு

கண்ணாடிக்கடைக்காரர் வீட்டு வண்டிக்குத் தவளை என்று பெயர் வைத்தது யார் என்பதில் தெருவில் இன்னும் தகராறு உண்டு. பச்சை நிறம், உருண்டை முதுகு, முழித்துக்கொண்டிருக்கும் முன்விளக்குகள், பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. "அது சின்ன எஸ்.யூ.வி." என்று அவர் எல்லோரையும் திருத்திப் பார்த்தார். ஒருவரும் திருந்தவில்லை.

வண்டி அவர் பெயரில்தான் இருந்தது. ஆனால் ஓட்டுவது, பெட்ரோல் போடுவது, டயருக்குக் காற்று பார்ப்பது எல்லாம் அவர் மனைவி. வீட்டிலேயே கேக் செய்து விற்பவள் என்பதால் தெருவுக்கு அவள் கேக்கம்மா. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, திரும்பும்போது மாவும் முட்டையும் ஏற்றிக்கொண்டு வருவாள். சாயங்காலம் பின்சீட்டை மடக்கிவிட்டு மூன்றடுக்குக் கேக்கை நிற்க வைத்தபடியே கொண்டுபோவாள். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்குகிற மாதிரி தவளை வேகத்தடைகளை ஏறி இறங்கும். கிரீமில் போட்ட பூ ஒன்றுகூடத் தலைசாயாது.

எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வீட்டின் முன்னால் ஒருநாள் சகலை தன் புது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். சகலை என்றால் கேக்கம்மாவின் அக்கா வீட்டுக்காரர். வண்டி வெள்ளி நிறம், நீளமோ நீளம், தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அவர் இறங்கி வந்து தவளையின் முதுகில் செல்லமாகத் தட்டினார்.

"என்ன சகலை, இன்னும் இதைத்தான் உருட்டறீங்களா?"

கண்ணாடிக்கடைக்காரர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்பு நல்லதுக்கில்லை என்று பக்கத்து வீட்டிலேயே பேசிக்கொண்டார்கள். அடுத்த வாரமே அறிவித்துவிட்டார்: "வண்டி பழசாயிடுச்சு. வித்துடலாம். நல்லதா, நீளமா ஒண்ணு எடுக்கலாம்."

"அப்ப என் கேக்கு?"

"புது சீட்டுல கிரீம் ஒட்டினா யார் தொடைக்கறது? நீ வாடகை வண்டி வெச்சுக்கோயேன்."

வாடகை வண்டியை அவளுக்குத் தெரியும். தவளை சர்வீஸுக்குப் போயிருந்த சமயம் ஒரு கல்யாணக் கேக்கை அப்படித்தான் அனுப்பினாள். டிரைவர் போட்ட பிரேக்கில், போய்ச் சேரும்போது மாப்பிள்ளை பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. பெண் பெயர் டப்பாவின் மூடியில் இருந்தது. தவளை போனால் தொழிலும் போன மாதிரிதான். ஆனால் எதிர்த்துப் பேசினால் கணவர் முறுக்கிக்கொள்வார். அதனால் அவரிடம் மோதாமல் வாங்க வருகிறவர்களைக் கவனித்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நீச்சல் மாஸ்டர் ஒருவரும் அவர் மனைவியும் வண்டியைப் பார்க்கப் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். எதிர்வீட்டு மாடியில் அன்று காயப்போட அத்தனை துணி எங்கிருந்துதான் வந்ததோ.

மாஸ்டர் வண்டியைச் சுற்றிவந்தார். பேச்செல்லாம் மாஸ்டரம்மாதான்.

"வண்டி எப்படிங்க?"

"உள்ளதைச் சொல்லணும் இல்லீங்களா?" என்று கேக்கம்மா ஆரம்பித்தாள். "சீட்டு உசரம். ஏறித்தான் உக்காரணும்."

"அதுதாங்க வேணும்! எனக்கு முழங்கால் வலி. தாழ்வா இருந்தா எந்திரிக்கிறதுக்குள்ள உசுரு போயிடுது."

"மேட்டுல கொஞ்சம் மூச்சு வாங்கும். பறக்கல்லாம் பறக்காது."

"இவர் கையில பறக்கிற வண்டியைக் குடுத்தா என் கதி என்னாகறது? இதான் சரி."

"பின்னாடி ஸ்பீக்கர் ஊமை."

"அப்பாடா!" என்று மாஸ்டரம்மா நெஞ்சில் கைவைத்தாள். "இவர் போடற பாட்டுக்குப் பின்னாடியாவது ஊமையா இருக்கட்டும்."

உள்ளே எப்போதும் வெண்ணிலா வாசம் அடிக்கும் என்று கடைசி அஸ்திரத்தையும் விட்டாள் கேக்கம்மா. மாஸ்டர் கதவைத் திறந்து ஆழமாக மூச்சிழுத்தார். வெளியே எடுத்த முகத்தில் அப்படி ஒரு பரவசம். அவருக்குப் பசி போல.

தண்ணீர் எடுத்துவர அவள் சமையலறைக்குப் போனாள். கணவர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"பிரமாதம் போ! குறையைச் சொல்லியே ஆளை மடக்கறியே, இந்த வித்தையை எங்க கத்துக்கிட்டே? இன்னும் ரெண்டு சொன்னா இங்கயே சாவியைக் கேட்டுடுவாங்க!"

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தண்ணீர்ச் செம்போடு வெளியே வரும்போது பேச்சை அப்படியே திருப்பினாள்.

"ஆனா ஒண்ணு சொல்லணும்ங்க. இதுவரைக்கும் ஒரு நாள்கூட வழியில நின்னதில்லை. ஆயில் மாத்தினா போதும், தன்பாட்டுக்கு ஓடும். போன மழையில பாலத்தடியில அத்தனை வண்டியும் நின்னுடுச்சு. முழங்கால் தண்ணியில இது மட்டும் வெளிய வந்துச்சு."

"முழங்கால் எங்க, இடுப்புக்கு இருந்துச்சு!" என்றார் கணவர். அவரைக் கேட்டது யார்?

"பின்சீட்டை மடக்கினா..."

"ஃப்ரிட்ஜே போகும்! எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் இதுலதான் வந்துச்சு. கடைக்காரன் போகாதுன்னு பந்தயம் கட்டினான். நான் போகும்னேன். போச்சா இல்லையா, நீயே சொல்லு!"

"பாப்பா பொறந்து ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் இதுலதாங்க."

"வீட்டு வாசல் வரைக்கும் முழிக்கவே இல்லை," என்றார் அவர். குரல் ஒரு மாதிரி இறங்கிவிட்டது.

மாஸ்டரம்மாவின் கண் சுருங்கியது. குறை சொன்னபோது வராத சந்தேகம் இப்போது வந்துவிட்டது.

"இவ்ளோ நல்ல வண்டியை அப்புறம் ஏங்க விக்கறீங்க? சாருதான் சொல்லட்டும்."

பழசாயிடுச்சு என்று சார் இனிமேல் சொல்ல முடியாது. அதைத்தான் அவரே அடித்து நொறுக்கிவிட்டாரே. சகலை முதுகில் தட்டிவிட்டுப் போனார் என்பதை எந்த மனுஷன் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வான்? மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். எதிர்மாடியில் ஒரு தலையணை உறை வெகுநேரமாக உதறப்பட்டுக்கொண்டிருந்தது.

கேக்கம்மா அவரைப் பார்த்தாள். ஒரே வார்த்தையில் மானத்தை வாங்கியிருக்கலாம். சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

"அவருக்கு விக்க மனசே இல்லீங்க. நான்தான் புதுசு வேணும்னு ஒத்தைக் காலில நின்னேன். இப்ப எனக்கே மனசு வரலை."

கண்ணாடிக்கடைக்காரர் நிமிர்ந்தார். மூழ்கப் போனவன் கையில் கயிறு சிக்கிய மாதிரி.

"நீ வேண்டாம்னா விடு," என்றார் பெரிய மனசோடு. "உனக்கு வேண்டாத புது வண்டி எனக்கெதுக்கு? மன்னிச்சுக்குங்க சார், விக்கறதா இல்லை."

"ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு," என்று மாஸ்டர் முணுமுணுத்தார். கேக்கம்மா உள்ளே போய் அன்றைய கேக்கில் ஓரமாக இரண்டு துண்டு வெட்டிக்கொண்டு வந்ததும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

அவர்களை வீட்டில் கொண்டுபோய் விட்டதும் தவளைதான். கணவரே ஓட்டினார், கேக்கம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பின்சீட்டில் மாஸ்டரம்மா காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, "எப்ப விக்கறதா இருந்தாலும் எங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்," என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அதை இவகிட்டயே கேளுங்க," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "வண்டி விஷயத்துல நான் வாயே திறக்கறதில்லை."

இப்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்கிறார்: தனக்கு நீள வண்டி எடுக்க ஆசைதானாம், பெண்டாட்டி தவளையை விடமாட்டேன் என்கிறாளாம். கேக்கம்மா காதிலும் அது விழுந்தது. "ஆமாங்க, பொல்லாதவ நான்," என்று சொல்லிவிட்டு, அடுத்த கேக்கை ஏற்றப் பின்சீட்டை மடக்கினாள்.