மணியனுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

இருபத்திரண்டு வருடம் நாமக்கல்லிலிருந்து வடக்கே லாரி ஓட்டியவர் மணியன். மூன்று வருடங்களுக்கு முன் நாக்பூர் பக்கம், தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து லோடின் மேலிருந்து கீழே விழுந்தார். உடைந்த இடுப்பெலும்பு கூடிவிட்டது. ஆனால் இடது காலில் உணர்வு திரும்பவில்லை. கிளட்ச் மிதிக்க முடியாதவரை நம்பி யாரும் வண்டி தர மாட்டார்கள். புதுச்சத்திரத்தில் வீட்டோடு இருந்துவிட்டார். மனைவி கமலவேணி பக்கத்துக் கோழிப்பண்ணையில் முட்டைகளைத் தரம் பிரித்து அட்டையில் அடுக்கும் வேலைக்குப் போனாள்.

கோவையில் படிக்கும் மகள் தனப்பிரியா லேப்டாப் வாங்கிய பிறகு, தன் பழைய கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தாள். ஏதோ ஆபீசில் கழித்துவிட்டதைச் செகண்ட்ஹேண்டில் வாங்கியது. பொங்கல் லீவில் வந்தவள் அதில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். மணியன் முதலில் சிரித்தார். ஒரு வாரத்தில் தினமும் அதன் முன்னால் உட்கார ஆரம்பித்தார். இதில் கிளட்ச் மிதிக்க வேண்டியதில்லை, கீபோர்டே போதும். லோடு எடுப்பார், டீசல் பார்ப்பார், சிக்னலில் நிற்பார். நல்லபடியாக ஓட்டி முடித்த நாளில் இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார்.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டரால் முடியவில்லை. ஊருக்குள் நுழைந்தாலோ, மழை பெய்தாலோ படம் நின்று நின்று வந்தது. உறைந்த படம் மறுபடி அசைவதற்குள் லாரி டிவைடரில் ஏறியிருக்கும். ஒரு நாள் மாலை கமலவேணி வேலை முடிந்து வந்தபோது, அவர் திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தர் மேலயும் நான் இடிச்சதில்ல, கமலா. இங்க தெனமும் இடிக்கறேன்."

அவள் மகளுக்குப் போன் போட்டாள். "அதுல கிராபிக்ஸ் கார்டு இல்லீங்மா. படத்தைக் காட்டறதுக்குன்னே தனியா ஒண்ணு இருக்குது, அது போட்டா சரியாயிரும். எனக்குப் பரீட்சை முடியட்டும், பாத்துச் சொல்றேன்" என்றாள் தனப்பிரியா. பரீட்சை முடிய ஒரு மாதம் இருந்தது. கமலவேணிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பன்னிரண்டாயிரத்துக்குள் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து, அடுத்த சனிக்கிழமையே அவரைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினாள்.

ஐந்து ரோடு பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை ஒன்றில் நுழைந்தார்கள். கவுண்டரில் இருந்த இளைஞன் கேட்டான்: "பையனுக்குங்களா?"

"ஆமா" என்றார் மணியன்.

கமலவேணி திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"என்ன கேம் ஆடுவாருங்க?"

"எல்லாமே ஆடுவான். பன்னெண்டாயிரத்துக்குள்ள வேணும்."

இளைஞன் உள்ளே போய் இரண்டு விசிறி வைத்த பெரிய கார்டு ஒன்றைக் கொண்டுவந்தான். "யூஸ் பண்ணுனதுங்க. ஆனா இந்தப் பவர்ல புதுசுன்னா முப்பதாயிரத்துக்குக் கொறையாது. நீங்க சொல்ற பட்ஜெட்ல முடிச்சுத் தாரேன்."

மணியன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். செங்கல் கனம் இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. கமலவேணி பர்ஸைத் திறந்தவள், ஒரு சந்தேகத்துக்குக் கேட்டாள்: "இது எங்கூட்டுக் கம்ப்யூட்டருக்குச் சேருங்களா?"

"பையனுக்குத் தெரியுங்க்கா. ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

போன் போட்டுக் கேட்கப் பையன் யாரும் இல்லை. மணியன் கார்டை மெல்லக் கவுண்டர் மேல் வைத்தார். "கேட்டுட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு வேகமாக வெளியே நடந்தார்.

எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகு கமலவேணி கேட்டாள்: "ஏனுங்க, நமக்கு எப்பங்க பையன் பொறந்தான்?"

அவர் சிரிக்கவில்லை. "அம்பது வயசாவப் போவுது. கேம் வெளையாடறேன்னு அவங்கிட்டச் சொல்லச் சொல்றயா?"

"நான் பண்ணையில எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேன். எங்கூட்டுக்காரரு கம்ப்யூட்டர்ல லாரி ஓட்டறாருன்னு."

மணியன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன சொன்னாங்க?"

"பாக்க வரட்டுமான்னு கேட்டாங்க."

அவர் டம்ளரை மறுபடி எடுத்து மீதி டீயைக் குடித்தார். பிறகு, "வேற கடை இருந்தா பாக்கலாம்" என்றார்.

பின்னால் இருந்த சந்தில் சின்ன சர்வீஸ் கடை ஒன்று இருந்தது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு உள்ளே தூசு தட்டிக்கொண்டிருந்தாள். பெயர் தமிழ்ச்செல்வி என்று சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ் சொன்னது. அவள் கேட்பதற்கு முன்பே கமலவேணி முந்திக்கொண்டாள்.

"எங்கூட்டுக்காரருக்குத்தானுங்க. லாரி ஓட்டற கேம் வெளையாடறாரு. படம் நின்னு நின்னு வருது."

மணியனின் காது சூடானது. தமிழ்ச்செல்வி சிரிக்கவில்லை. "எந்தெந்த எடத்துல நிக்குதுங்கண்ணா?" என்று அவரைப் பார்த்தே கேட்டாள்.

அவ்வளவுதான். ஊருக்குள் ரவுண்டானாவில் திரும்பும்போது, மழையில் வைப்பர் போட்டதும், ராத்திரி எதிர் வண்டி வெளிச்சம் அடிக்கும்போது என்று மணியன் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அவர் இவ்வளவு பேசி கமலவேணி கேட்டு ரொம்ப நாளாயிற்று.

குழாய் வாஷர் வாங்கப் போனாலும் பழசைப் படம் எடுத்துக்கொண்டு போவது அவள் பழக்கம். கம்ப்யூட்டரையும் முன்னும் பின்னும் எடுத்து வைத்திருந்தாள். தமிழ்ச்செல்வி போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது ஒல்லிப் பெட்டிங்கண்ணா. பெரிய கார்டு உள்ளயே போவாது. அதோட, கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ் இதுல சின்னது. பெரிய கார்டு கேக்கறதை அதால தர முடியாது."

"ஆறு சக்கர வண்டியில பதினாறு சக்கர லோடா?"

"அதேதாங்ண்ணா." அவள் அலமாரியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டியை எடுத்தாள். "இது புதுசு, நாலு ஜிபி. தனியா வயர் வேண்டாம், போர்டுல இருந்தே கரண்ட் எடுத்துக்கும். உங்க திரை பத்தொம்பது இன்ச்தான். இதுக்கு மேல எவ்வளவு குடுத்தாலும் அதுல வித்தியாசம் தெரியாது. செட்டிங்ல மட்டும் நெழல், சைடு கண்ணாடி ரெண்டையும் கொஞ்சம் கொறைச்சு வையுங்க."

"நெழலைக் கொறைச்சுக்கறேன். கண்ணாடியக் கொறைக்க மாட்டேன்" என்றார் மணியன்.

தமிழ்ச்செல்வி இப்போதுதான் சிரித்தாள். "டிரைவருங்களா?"

"ஆமாங்க. நேசனல் பர்மிட்" என்றார் அவர்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, கம்ப்யூட்டரைக் கட்டில் மேல் படுக்க வைத்துத் திறந்தார். கார்டின் ஓரத்தில் இருந்த தகடு பெட்டியைவிட உயரமாக இருந்தது, மூட முடியவில்லை. கமலவேணி பதறினாள். மணியன் பதறவில்லை. அட்டைப்பெட்டியைத் துழாவி உள்ளிருந்த குட்டைத் தகட்டை எடுத்தார், இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மாற்றினார். அவள் டார்ச் பிடித்தாள். ஸ்விட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது, ஆனால் திரை கருப்பாகவே இருந்தது.

"போச்சுங்களா?"

"இரு." கடைக்குப் போன் போட்டார். மறுமுனையில் தமிழ்ச்செல்வி ஒரே வரியில் முடித்தாள்: திரையின் வயர் இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது, புதுக் கார்டில் சொருகுங்கள். சொருகினார். படம் வந்தது.

லோடு ஏற்றிக் கிளம்பினார். அவர் பயந்த மழை பத்தாவது கிலோமீட்டரில் பிடித்துக்கொண்டது. மணியன் மூச்சை அடக்கினார். வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்காமல் போய் வந்தது. ரவுண்டானா வந்தது. எதிரே ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு, வளைந்து, மறுபக்கம் வெளியே வந்தார். எங்கேயும் நிற்கவில்லை, எதன்மேலும் இடிக்கவில்லை. அவர் தோள்கள் மெல்ல இறங்குவதைக் கமலவேணி பின்னால் நின்று பார்த்தாள்.

இரண்டு பக்கமும் பச்சை வயல்கள் விரிந்தன. ஓட்டு வீடுகள், தூரத்தில் ஒரு கோபுரம்.

"இது எந்த ஊருங்க?"

"ஜெர்மனியாமா. இங்க வலது பக்கந்தான் போவோணும். பழகறதுக்குள்ள உசுரு போயிருச்சு."

அவர் ஓட்டிய எந்த லாரியிலும் அவள் ஒரு நாளும் ஏறியதில்லை. போகிறேன் என்பார், வந்துவிட்டேன் என்பார். நடுவில் என்ன இருந்தது என்று அவள் பார்த்ததே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"எறக்கற எடம் இன்னும் தூரங்களா?"

"முந்நூறு கிலோமீட்டர் இருக்குது" என்றார் மணியன், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். "நல்லா சாஞ்சு உக்காரு."