காய்ந்த ஏரியின் குறுக்கே

நான்கு மாதமாக நர்மதா தன் அம்மா வீட்டில் இருந்தாள். கொழிஞ்சாம்பாறையில் கணவன் வீடு ஆறு கிலோமீட்டர் தள்ளித்தான். பூபதிராஜா வாரம் தவறாமல் வருவான். அவள் அறையை விட்டு வெளியே வரமாட்டாள். மாமனாரோடு மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிப் போவான். கடைசியில் போனில்தான் கேட்டான். மூணாறில், மாட்டுப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் மரவீடு எடுத்திருப்பதாகவும், இரண்டு நாள் இருந்துவிட்டு அவள் முடிவைச் சொல்லட்டும் என்றும் சொன்னான். வருவதாக இருந்தால் அங்கிருந்து நேரே நம் வீடு. இல்லையென்றால் வக்கீலைப் பார்க்கத் தானே கூட வருவதாகச் சொன்னான்.

அவர்கள் பக்கத்தில் அறுவடைக்கு முன் வயல் தண்ணீரை வடியவிட்டு, சேறு இறுகிய பிறகுதான் அறுப்பு மெஷினை இறக்குவார்கள். அவசரப்பட்டால் மெஷின் புதைந்துவிடும். இறக்கலாமா என்று பார்க்க எல்லோரும் பூபதியைத்தான் கூப்பிடுவார்கள். குதிகாலை ஊன்றி, வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்துச் சொல்வான். அவன் சொன்னது ஒருமுறைகூடத் தப்பியதில்லை. கர்ப்பமாகி ஐந்தாம் மாதத்தில் நர்மதாவுக்கு இரத்தம் போன காலையிலும் யாருடைய வயலிலோதான் குனிந்துகொண்டிருந்தான். இதோ வந்துவிட்டேன் என்று போனில் சொன்னவன் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. குழந்தை தங்கவில்லை. முன்பே வந்திருந்தாலும் தங்கியிருக்காது என்றார் டாக்டர். நர்மதா அதை நம்பினாள். ஆனாலும் மாமியாரும் ஊரில் இல்லாமல் கட்டிலில் தனியாகக் கிடந்த அந்த இரண்டு மணி நேரத்தை அவளால் மன்னிக்க முடியவில்லை.

மரவீட்டில் முதல் நாள் சாயங்காலம் குளிர் நடுக்கியது. பூபதி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெந்நீர் அடுப்போடு மல்லுக்கட்டினான். பூங்காவின் வழிகாட்டி சிவசங்கரி, தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள், வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அக்கா, சார் வெந்நீர் போடுதாரா, வீட்டக் கொளுத்துதாரா?" என்றாள். நர்மதா சிரித்துவிட்டாள். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. அவன் புகைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை மூவரும் ஏரியைச் சுற்றி மலையேறினார்கள். ஏதோ மராமத்துக்காக ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஒரு பக்கப் படுகை முழுவதும் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதில் மட்டும் யாரும் கால் வைக்கக்கூடாது, மேலேதான் காய்ந்திருக்கிறது என்று சிவசங்கரி கண்டிப்பாகச் சொன்னாள். தான் பார்க்காத சேறா என்று பூபதி சிரித்தான். இது உங்கள் வயல் இல்லை சார் என்றாள் அவள்.

நடக்கும்போது அவன் நர்மதாவின் பையையும் சேர்த்துச் சுமந்தான். முடிவு என்ன என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவளுக்குள் முடிவு கனிந்திருந்தது. இப்போதே சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. மத்தியானம் சாப்பிடும்போது சொல்லலாம், அதுவரை கொஞ்சம் தவிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இறக்கத்தில் ஈரப் பாறையில் அவள் கால் பிசகியது. கணுக்கால் உடனே வீங்கிவிட்டது. அங்கே போனில் சிக்னல் இல்லை. மண் பாதை வரை ஜீப் வரும், முக்கால் மணி நேரத்தில் கொண்டுவருகிறேன், அசையாமல் இருங்கள் என்று சிவசங்கரி கரையைச் சுற்றி ஓடினாள்.

பூபதியால் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. வலி பெரிதில்லை என்று நர்மதா எவ்வளவோ சொன்னாள். எதிர்க்கரையில் அவர்களுடைய மரவீடும் பக்கத்தில் அவன் காரும் கண்ணுக்குத் தெரிந்தன. படுகையைக் கடந்தால் நானூறு அடிதான், காரை எடுத்து மண் பாதைக்கு வந்துவிடலாம்.

"இன்னொருக்கா உன்னயக் காக்க வெக்க மாட்டேன் புள்ள," என்றான்.

படுகையில் இறங்கிக் குதிகாலை ஊன்றினான். குனிந்து வெடிப்புக்குள் விரலை விட்டான். ஈரம் படாமல் முழு விரலும் போனது. வயலாக இருந்தால் மெஷினையே இறக்கலாம் என்று சொல்லியிருப்பான். திரும்பி அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நடந்தான். முதல் நூறு அடி தாங்கியது. அதன் பிறகு மேலோடு அப்பளம் போல உடைந்தது.

இடுப்புவரை ஒரே மூச்சில் இறங்கிவிட்டான். அடியில் இருந்தது வருஷக்கணக்காக மலை கொண்டுவந்து சேர்த்த வண்டல், கூழ் போல. கால் உதைக்க உதைக்க மார்புவரை இழுத்தது. நர்மதா தவழ்ந்தபடி படுகையில் இறங்கினாள். அவன் குரல் உடைந்து கத்தினான்.

"வராத புள்ள. அங்கயே இரு. நீ வந்தா நான் கையத் தூக்கிட்டு முழுகிருவேன்."

அவள் நின்றாள். நடுவே நூறு அடி. சேலையை அவிழ்த்து வீசினாலும் எட்டாது. சிவசங்கரியின் பேரைச் சொல்லிக் கூவிக் கூவித் தொண்டை அடைத்துப் போனது. அவன் இரண்டு கைகளையும் விரித்து மேலோட்டில் பரப்பி வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கப் பார்த்தான். குளிரில் பல் அடித்துக்கொள்வது அவளுக்கே கேட்டது.

"ஏனுங்க, நான் நம்மூட்டுக்கு வாரேனுங்க. கேட்டுதுங்களா?"

அவன் முகத்தை மெல்ல அவள் பக்கம் திருப்பினான். பிறகு, "நேத்தே சொல்லியிருந்தீன்னா ராத்திரி நல்லாத் தூங்கியிருப்பேனல்ல," என்றான்.

"காலையிலயே சொல்லோணும்னு நெனச்சனுங்க."

"சரி, உடு. இப்பத்தான் சொல்லிட்டயே."

அவன் கைக்குக் கீழிருந்த பாளமும் உடைந்தது. முகம் குப்புற விழுந்தான். நிமிர்ந்தான். மறுபடி விழுந்தான். எத்தனை தடவை நிமிர்ந்தான் என்று அவளுக்குப் பிறகு நினைவில்லை. ஜீப் வந்தது. டிரைவர் வீரபாண்டியும் சிவசங்கரியும் பலகைகளை வரிசையாகப் போட்டு, வயிற்றால் ஊர்ந்து போய்க் கயிறு கட்டி இழுத்தார்கள். வெளியே கொண்டுவந்தபோது மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஜீப்பில் அவள் மடியில் நின்றது.

அவள் அப்பா மூணாறுக்கு வந்து சேர்ந்தார். மறுநாள் ஆம்புலன்ஸ் மறையூர், உடுமலை வழியாக இறங்கியது. அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கொழிஞ்சாம்பாறை நெருங்கியதும்தான் மெதுவாக ஆரம்பித்தார். காரியம் முடிந்ததும் நம் வீட்டுக்கு வந்துவிடு, அங்கே இனி உனக்கு யார் இருக்கிறார்கள் என்றார்.

"அவருகிட்ட வாரேன்னு சொல்லிட்டனுங்கப்பா," என்றாள் நர்மதா.

வீட்டு முன்னால் கூட்டம் நின்றது. வாசல் கேட்டில் ஒரு கதவுதான் திறந்திருந்தது. வண்டி நுழைய இடம் போதாமல் டிரைவர் ஹாரன் அடிக்கத் தயங்கினார். மாமியார் வள்ளியாத்தாள் உள்ளே யாரோ இருவர் பிடியில் நின்றாள். நர்மதா இறங்கி, வீங்கிய காலை இழுத்துக்கொண்டு போய், தாழ்ப்பாளைத் தூக்கி மற்றக் கதவையும் திறந்து பிடித்தாள்.