தம்பி கொடுத்த ரத்தம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனத்தில் தானாக ஊறியதல்ல. சுகாதார அலுவலர் ஒருவர் கேட்டார். "தலசீமியா பத்தி ஒன்றரைப் பக்கத்துல ஒரு விழிப்புணர்வுக் கதை வேணுங்க. சனங்க பயந்துரக் கூடாது."

ரத்தக் குறையைப் பற்றி எழுத வேண்டும், படிப்பவர் முகம்கூடச் சுளிக்கக் கூடாது. சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "கொல்லிமலையில் மேகம் தவழும் ஒரு காலையில், ரஞ்சிதா என்னும் இளம் கர்ப்பிணி..."

வேண்டாம். ரஞ்சிதாவின் ஊரான எருமப்பட்டியில் அன்று மேகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மண்டையைப் பிளக்கும் வெயில்.

இரண்டாவது: "தலசீமியா என்பது ஒரு பரம்பரை..."

இது பரீட்சைக்கு ஆகும். [ஆனாலும் இவ்வளவைச் சொல்லாமல் கதை நகராது. தாய், தகப்பன் இருவரிடமும் இந்தக் குறை மறைந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. கடுமையாக வந்தால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுசுக்கும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அந்தப் பயம் இல்லை.]

3

அன்புச்செல்வி கிராமச் செவிலியர். ரஞ்சிதாவுக்குச் சத்து மாத்திரை கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனவர். ரத்த அளவு ஏறவே இல்லை. "மாத்திரையத் தின்னயா, இல்ல பண்ணைக் கோழிக்குப் போட்டயா?" என்று திட்டியும் பார்த்தார். பிறகுதான் சோதனையில் தெரிந்தது, ரஞ்சிதாவிடம் அந்தக் குறை இருக்கிறது. திட்டியதற்காக அன்புச்செல்வி அன்றிரவு சாப்பிடவில்லை.

அடுத்து புருஷனின் ரத்தம் வேண்டும். புருஷன் வேலுமணி, ரஞ்சிதாவின் சொந்த அத்தை மகன். அதனாலேயே அவசரம். ஒரே குடும்பத்துக் குறை இரண்டு பேரிடமும் இருக்கலாம். பத்துப் பொருத்தம் பார்த்தவர்கள் இந்தப் பதினோராவதைப் பார்க்கவில்லை.

ஒரு வாரத்தில் ரத்தம் போனது, ரிசல்ட்டும் வந்தது: குறை எதுவுமில்லை. அன்புச்செல்விக்கு உயிர் வந்தது. நல்ல சேதியைச் சொல்ல வேலுமணிக்குப் போன் போட்டார்.

"நானெங்கீங்க சிஸ்டர் ரத்தம் குடுத்தேன்? ரெண்டு மாசமா ராய்ப்பூர்ல போர்வெல் வண்டியிலயல்ல கெடக்கறேன்."

அன்புச்செல்வி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக அவர்கள் வீட்டுக்குப் போனார். மாமியார் அத்தாயி நிதானமாகச் சொன்னார்: "சின்னவன் ஈஸ்வர அனுப்பி வெச்சனுங்க. ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதானுங்களே? ஒரே ரத்தந்தானுங்களே? பெரியவன் வண்டிய உட்டுப்போட்டு வந்தா போர் போடறது நின்னு போகுமுங்க."*

"ஏனுங்கக்கா, ஜாதகத்துக்கு மட்டும் தம்பியோடதக் குடுத்திருப்பீங்களா?" என்று அன்புச்செல்வி கத்தியது நான்கு வீடு தள்ளிக் கேட்டதாம்.

ஒரே வயிற்றில் பிறந்தாலும் தம்பியிடம் இல்லாத குறை அண்ணனிடம் இருக்கலாம். ரஞ்சிதாவுக்கு அது பதினாலாவது வாரம். வேலுமணியிடமும் குறை இருந்தால் கருவையும் சோதிக்க வேண்டும். அதற்கும் காலக்கெடு உண்டு, அது யாருக்காகவும் காத்திருக்காது.

* விண்ணப்பத்தில் "கணவர் பெயர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. "வந்திருப்பவர் அவர்தானா?" என்று ஒரு கட்டம் இல்லை. ஈஸ்வர் அண்ணன் பெயரைச் சொன்னான், ரத்தம் எடுத்தவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

4

இந்த இடத்தில் அத்தாயியை வில்லியாக்கிவிடலாம் என்று பார்த்தேன். ஒன்றரைப் பக்கத்துக்கு வசதி. ஆனால் மருமகளுக்கு ரத்தம் ஊற வேண்டுமென்று ஞாயிறு தவறாமல் கறிக்கடையில் முதல் ஆளாய் நின்று சுவரொட்டி என்னும் ஆட்டு மண்ணீரலை வாங்கி வறுத்துப் போடுபவரும் அவரேதான். மொத்தக் குடும்பமும் ஆளுக்கொரு பக்கம் அன்பாக இருந்து காரியத்தைக் கெடுத்திருக்கிறது. இவர்களை வைத்துக்கொண்டு நான் எவரைத் திட்டி எழுதுவது? எரிச்சலாக வருகிறது.

5

வேலுமணி ரயிலேறி வந்து செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுத்தான். இந்த முறை அன்புச்செல்வி ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்து, முகத்தையும் பார்த்து, கூடவே நின்றார். ரிசல்ட் வெள்ளிக்கிழமை.

அதற்குள் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் வேலுமணிக்குக் குறை இல்லை, எல்லோரும் சிரிக்கிறார்கள். இரண்டாவதில் அவனுக்கும் இருக்கிறது, ஆனால் கருவுக்கு நோயில்லை. மூன்றாவது, "கருவைச் சோதித்த மருத்துவர் ரஞ்சிதாவை உட்காரச் சொல்லி..."

வியாழனன்று துணை சுகாதார நிலையத்தில் ரஞ்சிதாவே கேட்டாள். "என்னையப் பத்தி எழுதறீங்களாமா. எப்படீங்க முடிச்சிருக்கறீங்க?"

முதல் முடிவைப் படித்துக் காட்டினேன். அவள் சந்தோஷப்படவில்லை.

"அப்படி முடிக்காதீங்க. 'பாத்தயா, நான் அப்பவே ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்'னு எங்கத்தை ஊரெல்லாம் சொல்லும். அடுத்த ஊட்டுலயும் தம்பியத்தான் அனுப்புவாங்க."

இரண்டாவதுக்கும் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "அதுவும் அதேதானுங்க."

மூன்றாவது காகிதம் என் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்தாள். வாங்கக் கை நீட்டவில்லை.

"அதையும் எழுதாதீங்க. நாளைக்கு அத நானல்லங்க படிக்கோணும்?"

அதனால் முடிவு எழுதவில்லை. அலுவலர் கோபித்துக்கொள்ளட்டும். நீங்கள் முடித்துக்கொள்வதாக இருந்தால் தாராளமாக முடியுங்கள். ஒரே நிபந்தனை: எதை எழுதினாலும், வெள்ளிக்கிழமைக்கு முன் அவள் எதிரில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும்.