வார் இல்லாத இடுப்பு

விதாலிஸ் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாது. பெண்டாட்டி சாவியாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. பிரசவ வீட்டில் முடிச்சு என்று ஒன்று இருக்கக் கூடாதென்று பெட்டிக் கயிறு, செருப்பு வார், கதவுத் தாழ் எல்லாவற்றையும் பெண்கள் அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். புருஷன்காரன் இடுப்பு மட்டும் இறுக்கிக் கட்டியிருந்தால் பிள்ளை எப்படி இறங்கும்? அந்தப் பயத்தில், விடியற்காலை கோட்டை வாசலில் காவல் நின்றவன் தன் இடுப்பு வாரைச் சத்தமில்லாமல் தளர்த்திவிட்டான். காவல் நிற்கிற சிப்பாய் செய்கிற வேலையா இது? நூற்றுவர் தலைவன் ஃபெஸ்துஸிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான்.

இப்போது உச்சி வெயில். வாளும் வாரும் பறிபோய், அங்கி பெண்பிள்ளை பாவாடைபோலக் கணுக்கால்வரை தொங்க, தலைமைக் கூடத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். பொழுது சாயும்வரை அசையக் கூடாது. வார் இருந்தால்தான் ரோமச் சிப்பாய். இல்லாதவனைப் போகிற வருகிறவனெல்லாம் வம்புக்கு இழுப்பான்.

"என்னம்மா, குடத்தை மறந்துட்டு வந்துட்டியா?" என்றான் ஒருவன்.

விதாலிஸ் காதில் அது ஏறவே இல்லை. வீட்டில் என்ன நடக்கிறதோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. கால் விரல்கள் மண்ணைக் கிண்டிக் கிண்டிக் குழி பறித்துவிட்டன.

அப்போதுதான் கொழுந்தியாள் பிரீமா ஓடிவந்தாள். "மாமா, அக்காவுக்கு விடிஞ்சதுலேர்ந்து வலி. பிள்ளை நகர மாட்டேங்குது. மருத்துவச்சி உங்க வாரைக் கேக்குறா. சீக்கிரம் வாங்க."

அவர்கள் பக்கத்து முறை அது. பிள்ளையின் தகப்பன் தன் இடுப்பு வாரைத் தாயின் இடுப்பில் கட்ட வேண்டும். 'நானே கட்டினேன், நானே அவிழ்க்கிறேன்' என்று சொல்லி அவிழ்த்துவிட்டு, உடனே வெளியே போய்விட வேண்டும்.

கூடத்து வாசலில் நின்ற அவன் சிநேகிதன் நிகர் தன் வாரில் கை வைத்தான். "என்னோடதைக் கொண்டுபோடா."

"நல்லாருக்கே," என்றாள் பிரீமா. "உன் வாரைக் கட்டிப் பிள்ளை பொறந்துட்டா ஊர் யாரைத் தகப்பன்னு சொல்லும்?"

நிகர் கையை எடுத்துவிட்டான்.

சத்தம் கேட்டு ஃபெஸ்துஸ் திராட்சைக்கொடிப் பிரம்போடு வெளியே வந்தான். விதாலிஸ் விஷயத்தைச் சொன்னான்.

"காலையில நீயாத்தானே தளர்த்தினே? இப்ப என்ன அதுமேல திடீர்ப் பாசம்? பொழுது சாயட்டும், தரேன்."

"அதுக்குள்ள அவ செத்துருவா, ஐயா."

"இடத்தை விட்டு நகர்ந்தா தோல் உரிஞ்சிரும். சொல்லிட்டேன்." ஃபெஸ்துஸ் உள்ளே போய்விட்டான்.

பாவி மனுஷன், கல்லுக்குக்கூடக் கொஞ்சம் ஈரம் இருக்கும். விதாலிஸ் அந்தக் கதவையே பார்த்தான். பிரீமாவின் முகத்தைப் பார்த்தான். அப்புறம் அங்கியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தான். சாராயக்கடை வாசலில் ஒரு கும்பலே சிரித்தது. இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தான்.

சாவியா பிரசவ நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"வார் எங்கப்பா?" என்றாள் மருத்துவச்சி.

"குடுக்கலை."

"அப்புறம் வெறுங்கையோட எதுக்கு வந்தே?"

அவன் நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டான். இரண்டு கைகளையும் அவள் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, முன்னால் விரலோடு விரல் கோத்து இறுக்கினான். மருத்துவச்சி விலகி இடம் விட்டாள்.

சாவியா அந்தக் கைகளை இறுகப் பற்றிக்கொண்டாள். "போகாதே. பயமாயிருக்கு."

"எனக்கும்தான். ஆனா அவுத்தாத்தானே வரும்?"

"விட மாட்டேன்."

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரிக்கப் பிரிக்க அவள் மறுபடி பிடித்தாள். "நானே கட்டினேன்," என்றான். "நானே அவிழ்க்கிறேன்." கையை உருவிக்கொண்டு எழுந்து வெளியே வந்துவிட்டான். இந்த முறையை எவன் ஏற்படுத்தினானோ அவன் நாசமாய்ப் போக என்று சபித்தான்.

வாசலில் அவனைப் பிடித்துப்போக வந்த நிகரும் இன்னொரு சிப்பாயும் நின்றார்கள். "வாடா," என்றான் நிகர், முகத்தைப் பார்க்காமல். தெருமுனைவரை அவளுடைய முனகல் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. கோட்டைக்குள் வந்தும் அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

எல்லோரும் பார்க்க, ஃபெஸ்துஸ் பிரம்பை ஓங்கினான். நாலைந்து அடி விழுந்திருக்கும், வாசல் பக்கமிருந்து பிரீமாவின் குரல் வந்தது. "மாமா, பொண்ணு. அக்கா கண்ணைத் தொறந்து தண்ணி கேக்குறா."

ஃபெஸ்துஸின் கை அந்தரத்தில் நின்றது. விதாலிஸ் வாய்விட்டு அழுதான்.

"இன்னொரு தடவை இப்படி ஓடுவியா?"

"ஓடுவேன், ஐயா."

ஃபெஸ்துஸ் பிரம்பைச் சரியாகப் பிடித்துக்கொண்டான். பிறகு மிச்ச அடிகளையும் ஒன்று விடாமல் அடித்தான்.